முதல் இருபது வினாடி

ஒரு சட்டையின் விலை 450 ரூபாய். அது ஒரு வேட்டியின் விலையை விட 80 ரூபாய் அதிகம். அப்படியானால் இரண்டு வேட்டி என்ன விலை?

தம்பி மகள் குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் வழிகாட்டி நூலும் ரஃப் நோட்டுமாக என் வீட்டுக்கு வந்துவிடுவாள். இந்தக் கணக்கை நான்தான் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன். அவள் படித்து முடிப்பதற்குள் பேனா 450-க்குக் கீழே 80-ஐ எழுதிக் கூட்டல் குறியும் போட்டுவிட்டது. 530. இரண்டால் பெருக்கினால் 1,060. "ஈஸி பெரியப்பா" என்று தாளை நீட்டினாள். "அப்ப எது விலை கூட, சட்டையா வேட்டியா?" என்று மட்டும் கேட்டேன். தாளை மறுபடி பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். வேட்டி 370, இரண்டு வேட்டி 740.

கூட்டல் கழித்தல் தெரியாத பெண்ணல்ல. வேதியியல் பட்டதாரி. மோல் கணக்கெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் போடுவாள். 'அதிகம்' என்ற சொல் கண்ணில் பட்டதும் கை தானாகக் கூட்டியது, அவ்வளவுதான். இந்தப் பழக்கத்தை ஏற்படுத்தியவர்கள் நாம்தான். 'மொத்தம்' என்றால் கூட்டு, 'மீதி' என்றால் கழி, 'ஒவ்வொருவருக்கும்' என்றால் வகு என்று மூன்றாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். மூன்றாம் வகுப்பில் அது பெரும்பாலும் பலிக்கவும் செய்கிறது. ஆனால் போட்டித் தேர்வுக்கு வினா எழுதுபவரும் அதே மூன்றாம் வகுப்பைத் தாண்டி வந்தவர்தானே. நீங்கள் எங்கே சறுக்குவீர்கள் என்று அவருக்குத் தெரியும். 1,060 என்பது நான்கு விடைகளில் ஒன்றாகக் கட்டாயம் காத்துக்கொண்டிருக்கும்.

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் ரிச்சர்ட் மேயர் என்ற உளவியலாளரும் சக ஆய்வாளர்களும் இந்த வகைக் கணக்குகளையே கல்லூரி மாணவர்களிடம் கொடுத்து ஆராய்ந்தார்கள். 'அதிகம்' என்று எழுதியிருந்து கூட்டவும் வேண்டியிருந்தால் பிழை குறைவு. 'அதிகம்' என்று எழுதியிருந்து கழிக்க வேண்டியிருந்தால் பிழை கூடுகிறது. 1987-ல் வெளிவந்த முடிவு இது. அடுத்து 1995-ல் மேரி ஹெகார்ட்டியுடன் சேர்ந்து மேயர் செய்த ஆய்வு இன்னும் சுவையானது. கணக்கை வாசிக்கும்போது மாணவரின் கண் எந்தச் சொல்லில் எத்தனை முறை நிற்கிறது என்று கருவி வைத்துப் பதிவு செய்தார்கள். அடிக்கடி தவறு செய்பவர்களின் கண் எண்களையும் 'அதிகம்', 'குறைவு' போன்ற சொற்களையும் திரும்பத் திரும்பத் தேடிப் போனது. சரியாகப் போடுபவர்களின் கண் எதைப் பற்றிய எண் அது என்று சொல்லும் பெயர்ச்சொற்களுக்கும் திரும்பி வந்தது. முன்னவர் எண்ணைப் பொறுக்குகிறார். பின்னவர் மனத்தில் ஒரு கடையை, இரண்டு விலைச் சீட்டுகளை அமைத்துக்கொள்கிறார். பிறகு கணக்கை மூடிவைத்து ஞாபகத்திலிருந்து சொல்லச் சொன்னபோது, நன்றாகப் போட்டவர்களுக்கு எது எதைவிடக் கூடுதல் என்ற உறவு நினைவில் இருந்தது. மற்றவர்களுக்கு நின்றது வார்த்தைதான்.

குரூப் 4 தாளில் 200 வினாக்கள், நேரம் 3 மணி. வினாவுக்கு 54 வினாடி விழுகிறது. அதில் 25 வினாக்கள் திறனறிவுப் பகுதி: சதவீதம், விகிதம், தனிவட்டி, கூட்டுவட்டி, மீ.சி.ம., மீ.பெ.வ., பரப்பளவு, காலமும் வேலையும். எல்லாம் பத்தாம் வகுப்புத் தரம். சமன்பாடு எழுதிவிட்டால் பெரும்பாலானவை மூன்று வரியில் முடிந்துவிடும். ஆனாலும் பலர் இந்தப் பகுதியைக் கண்டு நடுங்கி, தமிழையும் பொது அறிவையும் முடித்துவிட்டுக் கடைசிப் பத்து நிமிடத்தில் இதற்கு வருகிறார்கள். அந்த அவசரத்தில் அவர்கள் முதலில் வெட்டுவது வாசிக்கிற நேரத்தைத்தான். வெட்டக்கூடாதது அந்த நேரம் ஒன்றுதான் என்பது என் கட்சி.

வாசிக்காமல் கணக்குப் போடுவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1980-ஐ ஒட்டிப் பிரான்சின் கிரெனோபிள் நகரில் நடந்த ஒரு சோதனை இன்றும் சொல்லப்படுகிறது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு கணக்கு: 'ஒரு கப்பலில் 26 செம்மறி ஆடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கப்பல் தலைவனின் வயது என்ன?' 97 பிள்ளைகளில் 76 பேர் அந்த எண்களை வைத்து ஏதோ ஒரு வயதைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார்கள். முட்டாள் பிள்ளைகள் என்று சிரிக்க வேண்டாம். வகுப்பில் கொடுத்த கணக்குக்கு விடை உண்டு, கொடுத்த எண்களையெல்லாம் பயன்படுத்த வேண்டும் என்று பள்ளி அவர்களுக்குச் சொல்லாமல் சொல்லிவைத்திருந்தது. அதை ஒழுங்காகக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் அவர்கள்.

சற்று வளர்ந்த பிள்ளைகளின் கதையும் உண்டு. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 13 வயதினருக்கு நடந்த தேசிய மதிப்பீட்டுத் தேர்வில் ஒரு கேள்வி: ஒரு பேருந்தில் 36 படைவீரர் ஏறலாம், 1,128 பேரை ஏற்றிப் போக எத்தனை பேருந்து வேண்டும்? பத்துக்கு ஏழு பேர் வகுத்தலைச் சரியாகச் செய்தார்கள். ஆனால் 32 என்று எழுதியவர்கள் 23 சதவீதம்தான். 29 சதவீதத்தினர் '31, மீதி 12' என்று எழுதினார்கள். இன்னும் 18 சதவீதத்தினர் 31 என்று எழுதிப் பன்னிரண்டு பேரைச் சாலையிலேயே விட்டுவிட்டார்கள். வகுத்து முடித்த கையோடு கதைக்குத் திரும்பி ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும்.

இதெல்லாம் சிறுவர்கள். பொறியியல் மாணவர்கள் கூடவா? மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கிளெமென்ட் குழுவினர் முதலாண்டுப் பொறியியல் மாணவர் 150 பேரிடம் கேட்ட கேள்வி கணிதக் கல்வியில் பிரபலமாகிவிட்டது. 'இந்தப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களைப் போல் ஆறு மடங்கு மாணவர்கள் இருக்கிறார்கள். இதைச் சமன்பாடாக எழுதுக.' மாணவர் எண்ணிக்கையை ம என்றும் பேராசிரியர் எண்ணிக்கையை ப என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 1981-ல் வெளியிட்ட கணக்குப்படி 37 சதவீதத்தினர் தவறு. தவறியவர்களில் பெரும்பாலோர் எழுதியது 6ம = ப.

நிறுத்தி ஒரு எண்ணைப் போட்டுப் பாருங்கள். பேராசிரியர் 10 பேர் என்றால் மாணவர் 60. 6ம என்பது 360 ஆகிறது. அது பத்துக்குச் சமமா? சரியானது ம = 6ப.

ஏன் இப்படித் தலைகீழாகிறது? ஆங்கிலத்தில் 'ஆறு', 'மாணவர்', 'பேராசிரியர்' என்ற வரிசையில் வாக்கியம் அமைவதால் அப்படியே எழுதிவிட்டார்கள் என்பது ஒரு விளக்கம். ஆனால் வாக்கியமே இல்லாமல் படத்தைக் காட்டிக் கேட்டபோதும் இந்தப் பிழை வந்தது. ஆக, வார்த்தை வரிசை மட்டும் காரணமல்ல. வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. 12 அங்குலம் = 1 அடி என்று நாம் எழுதுகிறோம். இங்கே 'அங்குலம்' என்பது அளவின் பெயர், எண் அல்ல. அந்தப் பழக்கத்தில் '6 மாணவர் = 1 பேராசிரியர்' என்று எழுதி, மாணவரை ம என்று சுருக்கிவிடுகிறோம். எழுத்து பெயர்ப்பலகை ஆகிவிட்டது. இயற்கணிதத்தில் எழுத்து பெயர்ப்பலகை அல்ல, அது ஒரு எண். ஒரு மேசையின் நீளம் அங்குலத்தில் எத்தனை என்பதை ம என்றும் அடியில் எத்தனை என்பதை ப என்றும் வைத்தால், ம = 12ப. பெரிய எண் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதன் எதிர்ப்பக்கத்தில்தான் பெருக்கி நிற்கும். ஆப்பிளை 'ஆ' என்றும் வாழைப்பழத்தை 'வா' என்றும் வைத்து இயற்கணிதம் சொல்லித்தரும் ஆசிரியர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்லித்தருகிறார்கள். ஆனால் இந்தக் குழப்பத்துக்கு விதை போடுவதும் அந்த ஆப்பிள்தான்.

'எக்ஸ் என்க' என்று தொடங்கினால் போதாது. எக்ஸ் எதன் எண்ணிக்கை, எந்த அலகில், எந்த ஆண்டில் என்று நான்கு சொல் எழுத வேண்டும். தம்பி மகளிடம் நான் நச்சரிக்கிற ஒரே விஷயம் இது.

தமிழில் தேர்வெழுதுபவருக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. தமிழ் வாக்கியத்தில் சமன்பாடு பெரும்பாலும் உருபிலும் அதை அடுத்த சொல்லிலும்தான் ஒளிந்திருக்கிறது. '-ஐ விட 80 அதிகம்' என்றால், அந்த 'ஐ' எந்தப் பெயரோடு ஒட்டியிருக்கிறதோ அதோடு 80-ஐக் கூட்ட வேண்டும். 'வேட்டியின் விலையை விட': ஆகவே வேட்டி விலை + 80 = சட்டை விலை. '-ஐப் போல் ஆறு மடங்கு' என்றால், 'போல்' என்பதற்கு முன்னால் நிற்பவரைத்தான் ஆறால் பெருக்க வேண்டும். 'பேராசிரியர்களைப் போல்': ஆகவே 6ப = ம. 'ஒரு பேராசிரியருக்கு ஆறு மாணவர்' என்று எழுதியிருந்தால்தான் ஆபத்து. அங்கே அங்குலமும் அடியும் மறுபடி எட்டிப் பார்க்கும்.

சதவீதத்திலும் இதே கதை. 'இல்' எதோடு ஒட்டியிருக்கிறதோ அதுதான் 100. ஒரு பொருளின் விலையை 20 சதவீதம் ஏற்றி, பிறகு 20 சதவீதம் இறக்கினால் பழைய விலைக்கே வந்துவிடும் என்று தோன்றும். முதல் 20, நூறில். இரண்டாவது 20, நூற்றிருபதில். 120-ல் 20 சதவீதம் 24. விலை 96-ல் வந்து நிற்கும். ஆடித் தள்ளுபடிக் காலத்தில் துணிக்கடைக்குப் போகிறவர்களும் தெரிந்துவைத்துக்கொள்ளலாம்.

நம் பாடப்புத்தகங்களில் ஒரு வழக்கம் உண்டு: முதலில் சமன்பாடு, பயிற்சி முழுவதும் எழுத்துகள், கடைசியில் 'வாழ்க்கைக் கணக்குகள்' என்று நான்கைந்து. இதனால் வார்த்தைக் கணக்கு என்பது இயற்கணிதத்தின் மேல் தூவிய அலங்காரம் என்று மாணவர் நினைக்கிறார். வரலாறு நேர் எதிர். சுமார் கி.மு. 1550-ல் எகிப்தில் அமெஸ் என்ற எழுத்தர் படியெடுத்த பாப்பிரஸ் சுருள் இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் ஒரு கணக்கு: ஒரு குவியலும் அதன் ஏழில் ஒரு பங்கும் சேர்ந்தால் 19, குவியல் எவ்வளவு? பாக்தாத்தில் சுமார் 820-ல் அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் பெயரிலிருந்துதான் 'அல்ஜீப்ரா' என்ற சொல்லே வந்தது. அந்த நூலில் குறியீடு ஒன்றுகூட இல்லை, எல்லாம் வாக்கியம். அதன் பெரும்பகுதி வாரிசுகளுக்குச் சொத்துப் பிரிப்பதைப் பற்றியது. 1150-ல் பாஸ்கரர் லீலாவதியில் கணக்கைச் செய்யுளாக்கிக் கேட்டார். நம் காரி நாயனாரின் கணக்கதிகாரமும் நிலம், பொன், நெல் அளவைகளைச் செய்யுளில்தான் சொல்கிறது. சமக்குறி 1557-ல் ராபர்ட் ரெக்கார்டின் நூலில் தோன்றியது. தெரிந்ததற்கும் தெரியாததற்கும் எழுத்துகளை முறையாகப் பயன்படுத்தியவர் பிரான்சின் வியெத், 1591-ல். மூவாயிரம் ஆண்டுக்கு மேலாக மனிதன் வார்த்தையில் போட்ட கணக்குக்கு நேற்று வந்த சுருக்கெழுத்துதான் எக்ஸ்.

அமெஸ் அந்தக் குவியல் கணக்கைப் போட்ட விதம் இன்று பயிற்சி வகுப்புகளில் 'ஷார்ட்கட்' என்ற பெயரில் வாழ்கிறது. விடை 7 என்று வைத்துக்கொள்வோம் என்கிறார் அவர். ஏழு எளிதாக ஏழால் வகுபடும் என்பதால் மட்டும். 7-ம் அதன் ஏழில் ஒன்றும் சேர்ந்தால் 8. நமக்கு வேண்டியது 19. ஆகவே 7-ஐ எட்டில் பத்தொன்பது மடங்காக்கினால் 16⅝. பொய் என்று தெரிந்தே ஒரு விடையை வைத்து மெய்யான விடைக்குப் போவது. சதவீதக் கணக்கில் 'விலை 100 என்க' என்று நீங்கள் தொடங்கும்போது அமெஸின் கையெழுத்தில்தான் எழுதுகிறீர்கள்.

காலமும் வேலையும் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு வேலையை முதலாமவர் 12 நாளிலும் இரண்டாமவர் 18 நாளிலும் முடிப்பார். சேர்ந்து செய்தால் எத்தனை நாள்? பயிற்சி வகுப்பில் இரண்டையும் பெருக்கி, கூட்டுத்தொகையால் வகு என்பார்கள். 216-ஐ 30-ஆல் வகுத்தால் 7.2 நாள். விடை சரி, வேகமாகவும் வந்தது. ஆனால் வினா எழுதுபவர் 'நான்கு நாள் கழித்து முதலாமவர் நின்றுவிட்டார்' என்று ஒரு வரி சேர்த்தால் அந்தச் சூத்திரம் கைவிரித்துவிடும். அதற்குப் பதிலாக, வேலை என்பது 36 கூடை மண் அள்ளுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். 36 என்பது 12, 18 இரண்டின் மீ.சி.ம. முதலாமவர் நாளுக்கு 3 கூடை, இரண்டாமவர் 2 கூடை. சேர்ந்தால் 5. நான்கு நாளில் 20 கூடை போயிற்று. மீதி 16. இரண்டாமவர் தனியாக 8 நாள் அள்ளுவார். மொத்தம் 12 நாள். பின்னம் வரவில்லை, சூத்திரம் வேண்டியிருக்கவில்லை, கதை கண்முன் நடந்தது. சூத்திரத்தை வெறுக்கச் சொல்லவில்லை. கூடையில் அள்ளிப் பார்த்தவருக்கு அந்தச் சூத்திரம் எங்கிருந்து வந்தது என்று தெரியும், எங்கே செல்லாது என்றும் தெரியும்.

கண்முன் நடப்பது எவ்வளவு பெரிய துணை என்பதற்கு பிரேசிலின் ரெசிஃபே நகரச் சந்தைப் பிள்ளைகள் சாட்சி. தெரெசின்யா கராஹெர் உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் வாடிக்கையாளர் போலப் போய், தெருவில் வியாபாரம் செய்த ஐந்து சிறுவர் சிறுமியரிடம் விலை கேட்டார்கள். ஒரு தேங்காய் 35 குருசேரோ, பத்து வேண்டும் என்றதும் 12 வயதுப் பிள்ளை பள்ளியில் சொல்லித்தந்தபடி சுழியம் சேர்க்கவில்லை. மூன்று 105, இன்னும் மூன்று சேர்த்தால் 210, இப்படியே 315 வரை போய் ஒன்றைச் சேர்த்து 350 என்றது. சந்தையில் அந்தப் பிள்ளைகளின் விடைகள் 98 சதவீதம் சரி. பிறகு அதே கணக்குகளைத் தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது சரியானவை 37 சதவீதம். கதையோடு சேர்த்து வார்த்தைக் கணக்காகக் கொடுத்தபோது 74. 1985-ல் வெளிவந்த ஆய்வு இது. வார்த்தைகள் கணக்கைக் கடினமாக்குகின்றன என்பது பாதி உண்மைதான். அர்த்தம் புரிந்தால் அதே வார்த்தைகள் தாங்கிப் பிடிக்கவும் செய்யும்.

வயதுக் கணக்குக்கு வருவோம், ஏனெனில் குரூப் 4 எழுதுகிறவர்கள் அதிகம் வெறுப்பது இதைத்தான். '5 ஆண்டுகளுக்கு முன் தந்தையின் வயது மகனின் வயதைப் போல் 7 மடங்கு. 5 ஆண்டுகளுக்குப் பின் 3 மடங்கு. இப்போது மகனின் வயது என்ன?' தம்பி மகள் இப்போதைய வயதுகளை எக்ஸ், ஒய் என்று வைத்தாள். அடைப்புக்குறிக்குள் மைனஸ் 5, இன்னொன்றில் பிளஸ் 5. ஏழால் பெருக்கும்போது உள்ளே இருந்த 5-ஐப் பெருக்க மறந்தாள். மகனுக்கு வயது 2½ வந்தது. ஐந்து ஆண்டுக்கு முன் அவன் பிறக்கவே இல்லை. அதைச் சொன்னதும் சிரித்துவிட்டாள்.

வேறு இடத்தில் தொடங்கச் சொன்னேன். ஐந்து ஆண்டுக்கு முன் மகன் வயது க என்று வை. அப்போது தந்தை 7க. அடைப்புக்குறியே கிடையாது. அங்கிருந்து பத்து ஆண்டு நகர்ந்தால் மகன் க + 10, தந்தை 7க + 10. இப்போது 7க + 10 = 3க + 30. 4க = 20. க = 5. இப்போது மகனுக்கு 10, தந்தைக்கு 40. ஐந்து ஆண்டு கழித்து 15, 45. மூன்று மடங்கு, சரி.

இன்னொரு வழியும் இருக்கிறது, எனக்குப் பிடித்தது அதுதான். வயது எத்தனை ஏறினாலும் இருவருக்கும் உள்ள இடைவெளி மாறாது. அன்று மகன் ஒரு பங்கு, தந்தை ஏழு பங்கு. இடைவெளி மகன் வயதில் ஆறு மடங்கு. பின்னால் மகன் ஒன்று, தந்தை மூன்று. இடைவெளி அப்போதைய வயதில் இரண்டு மடங்கு. இடைவெளி ஒன்றே என்பதால் பத்து ஆண்டில் மகனின் வயது மூன்று மடங்காகியிருக்கிறது. பத்து ஆண்டில் மூன்று மடங்காகும் வயது எது? ஐந்து. எக்ஸே வரவில்லை.

"இதை எப்படிப் பெரியப்பா பரீட்சை ஹாலில் யோசிக்கிறது?" என்றாள். நியாயமான கேள்வி. இதற்கு விடை மூளையின் கொள்ளளவில் இருக்கிறது. ஒரே நேரத்தில் மனத்தில் ஏந்திக்கொள்ள முடிந்தது ஏழு பொருள் என்று 1956-ல் ஜார்ஜ் மில்லர் எழுதினார். நான்குக்கு மேல் இல்லை என்று 2001-ல் நெல்சன் கோவன் அதைக் குறைத்தார். இரண்டு பேர், மூன்று காலம், இரண்டு மடங்கு என்று வயதுக் கணக்கு வந்ததுமே அந்தத் தட்டு நிறைந்துவிடுகிறது. அதோடு பயம் வேறு வந்து உட்காருகிறது. சையன் பீலாக் செய்த ஆய்வுகளில், நெருக்கடியில் அதிகம் சறுக்கியவர்கள் சாதாரண நேரத்தில் நினைவாற்றல் மிகுந்தவர்கள்தான். எல்லாவற்றையும் மனத்திலேயே வைத்துப் போடும் துணிச்சல் அவர்களுக்குத்தானே உண்டு. அந்த இடத்தைப் பதற்றம் பிடித்துக்கொண்டால் கைவசம் ஒன்றும் இருப்பதில்லை. 'முன்', 'இன்று', 'பின்' என்று மூன்று கட்டம் கிறுக்கிவைத்தால் தட்டில் பாதி காலியாகும். தாளில் எழுதியதை மூளை சுமக்க வேண்டியதில்லை.

புதிய வகைக் கணக்கைக் கற்கும்போது எடுத்த எடுப்பில் நூறு கணக்கு போட்டுத் தள்ளுவது அவ்வளவு புத்திசாலித்தனம் அல்ல. ஆஸ்திரேலியாவில் ஜான் ஸ்வெல்லரும் கிரகாம் கூப்பரும் 1985-ல் இயற்கணிதத்தை வைத்தே இதைக் காட்டினார்கள். தீர்த்துவைத்த கணக்குகளை வரிவரியாகப் படித்தவர்கள், தாங்களாகவே முட்டி மோதியவர்களை விட அதே மாதிரிக் கணக்குகளைப் பின்னர் வேகமாகவும் பிழை குறைவாகவும் போட்டார்கள். முதல் நாலைந்து கணக்குக்கு விடையைப் பார்த்துப் படிப்பதில் வெட்கமில்லை. பழகியபின் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் வெட்கம்.

பழகியபின் வருவது வேறொரு கண்ணி. வழிகாட்டி நூலில் 'காலமும் வேலையும்' என்ற தலைப்பின் கீழ் நாற்பது கணக்கு. நாற்பதாவதைப் போடும்போது நீங்கள் வினாவை வாசிப்பதே இல்லை. தலைப்பு ஏற்கனவே வழியைச் சொல்லிவிட்டது. டக் ரோரரும் கெல்லி டெய்லரும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்கள் நான்கு வகைக் கன அளவுக் கணக்குகளைப் பழகினார்கள். வகை வகையாகப் பிரித்துப் பழகியவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரி. கலந்து பழகியவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தார்கள். பிரித்துப் பழகியவர்கள் 20 சதவீதத்துக்கு இறங்கிவிட்டார்கள். கலந்து பழகியவர்கள் 63. சூத்திரம் தெரிவது ஒரு திறமை, எந்தச் சூத்திரம் என்று தெரிவது வேறு திறமை. தலைப்புக்குக் கீழே உட்கார்ந்து பழகுபவருக்கு இரண்டாவது வாய்க்கவே வாய்க்காது. கலந்து பழகும்போது எரிச்சல் வரும், ஒன்றும் ஏறவில்லை என்று தோன்றும். அந்த எரிச்சலைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

54 வினாடியில் முதல் இருபதைப் பேனாவைத் தொடாமல் செலவிடு என்பது எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஒப்பந்தம். இருபது என்பது ஆய்வு சொன்ன எண் அல்ல, நான் வைத்தது. அந்த நேரத்தில் விடைகள் இருக்கும் இடத்தை ஸ்கேலால் மூடிக்கொண்டு வினாவை மட்டும் வாசிக்க வேண்டும். எதைக் கேட்கிறார்கள் என்ற கடைசி வரியில் தொடங்கி, 'விட', 'போல்', 'இல்' மூன்றையும் கண்ணால் வட்டமிட வேண்டும். விடை பெரிதாக வருமா சிறிதாக வருமா என்று மட்டும் ஊகித்துக்கொள்ள வேண்டும். போகும்போது மணிக்கு 40 கி.மீ., திரும்பும்போது 60 என்றால் சராசரி 50 என்று வாய் சொல்லும். மெதுவாகப் போன வழியில்தான் அதிக நேரம் செலவானது, ஆகவே ஐம்பதுக்குக் கீழேதான் இருக்கும் என்று ஊகித்தவர் ஸ்கேலை எடுத்ததும் 50-ஐ அடித்துவிடுவார். 120 கி.மீ. தூரம் என்று வைத்துப் பார்த்தால் 3 மணியும் 2 மணியும். 240-ஐ 5-ஆல் வகுத்தால் 48.

வழிகாட்டி நூல் அச்சிடுபவர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஒவ்வோர் அத்தியாயமும் முடிந்தபின் அதே வகையில் இன்னும் இருபது கணக்கு சேர்க்க வேண்டாம். நூலின் கடைசியில் முப்பது பக்கத்துக்கு எல்லா வகையையும் கலந்து போடுங்கள். தலைப்பு வேண்டாம், பக்கத்தின் மேலே சூத்திரப் பெட்டி வேண்டாம், விடையை வேறு பக்கத்தில் வையுங்கள். கூடவே பத்துக்கு ஒன்று, விடையே காண முடியாத கணக்காக இருக்கட்டும். கப்பல் தலைவனின் வயதைக் கேளுங்கள். அதற்கு எத்தனை பேர் 36 என்று குறிக்கிறார்கள் என்று பயிற்சி வகுப்பு ஆசிரியர்கள் ஒரு முறை எண்ணிப் பார்க்கட்டும்.